எழுத்துக் கூட்டினால் போதுமா?

(பெற்றோர்கள், இளைஞர்கள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக மேடையில் நான் பேசுகிற விஷயங்கள் எதையும் இன்று பேசப் போவதில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிப்பது பற்றி மட்டும் பேசப் போகிறேன். 'இதற்கா ஒரு கூட்டம்? இதை வாத்தியார் பார்த்துக்கொள்ள மாட்டாரா?' என்று சிலர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடை. முதலாளியின் மகன் எட்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒத்தாசைக்கு வருவான். ஒருநாள் சரக்கு வந்து இறங்கியது. "சீட்டைப் படித்துச் சொல்லுடா, நான் மூட்டையைச் சரிபார்க்கிறேன்" என்றார் தந்தை. பையன் சீட்டை வாங்கினான். கண்ணருகே கொண்டு போனான். பிறகு பக்கத்தில் நின்ற வேலைக்காரப் பையனிடம் நீட்டிவிட்டு, "கண்ணு மங்கலாத் தெரியுது அத்தா" என்றான். அவர் பதறிப்போய் மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். கண்ணில் ஒரு குறையும் இல்லை. பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அவனுக்கு எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் உ...ளு...ந்...து என்று ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பான். ஒரு வரியை முடிக்க அரை நிமிடம் ஆகும். வேலைக்காரர்கள் முன்னால் அப்படிப் படிக்க வெட்கப்பட்டு, கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறான்.

எட்டு வருடம் அந்தப் பிள்ளை வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறான். எட்டு வருடத்தில் ஒருவர்கூட அவனைத் தனியாக உட்கார வைத்து, 'எங்கே, இதை வாசி, கேட்கிறேன்' என்று சொல்லவில்லை. ஆசிரியரும் சொல்லவில்லை, பெற்றவரும் சொல்லவில்லை. இதற்கு யார் பொறுப்பு?

இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ப்ரதம் நிறுவனம் நாடு முழுவதும் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கும் 'அசர்' ஆய்வு ஒன்று இருக்கிறது. பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018ல் 100க்கு 27 பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022ல் அது 20.5 சதவீதமாக இறங்கியது. 2024ல் மறுபடி 27க்கு ஏறியது. ஏறியதில் மகிழ்ச்சிதான். ஆனால் மீதி 73 பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள்! அந்த 73 பேரில் பலருக்கு எழுத்துத் தெரியும், சொல்லும் தெரியும். ஒரு பத்தியாகக் கொடுத்தால்தான் திணறுகிறார்கள்.

நடுவில் விடுபட்ட படி

எழுத்துக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அதுதான் சரளம். நம்மில் பலர் 'எழுத்துத் தெரிந்தால் வாசிப்பு தானாக வந்துவிடும்' என்று நம்புகிறோம். சில பிள்ளைகளுக்கு வரும். பல பிள்ளைகளுக்கு வராது.

வியாபாரிகள் நீங்கள், உங்களுக்கு இது எளிதில் புரியும். புதிதாகச் சேர்ந்த பையனைக் கல்லாவில் உட்கார வையுங்கள். ஏழெட்டு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணுகிறவனால் வாடிக்கையாளர் கேட்டதைக் கவனிக்க முடியுமா? கொடுத்தது நூறு ரூபாயா இருநூறு ரூபாயா என்று பார்க்க முடியுமா? கணக்கு தன்னால் ஓடினால்தான் கவனம் வியாபாரத்துக்கு வரும். வாசிப்பும் அப்படியே. எழுத்தை அடையாளம் காண்பதிலேயே பிள்ளையின் முழுக் கவனமும் செலவாகிவிட்டால், வரி முடியும்போது வரியின் தொடக்கம் மறந்துபோகும். அப்புறம் பொருள் எங்கிருந்து வரும்? லபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1974லேயே இதைத்தான் எழுதினார்கள். மனிதனின் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. எழுத்தைப் படிக்கும் வேலை பழகிப்போய்த் தன்னால் நடந்தால்தான் மீதிக் கவனம் பொருளுக்குப் போகும்.

சரளம் என்றவுடன் வேகம் என்று நினைத்துவிட வேண்டாம். பிழையில்லாமல் வாசிக்க வேண்டும், தேவையான வேகத்தில் வாசிக்க வேண்டும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். மூன்றும் சேர்ந்ததுதான் சரளம். மூன்றாவதை நாம் மறந்தே போகிறோம். 'மாமா தம்பி கடைக்குப் போனார்' என்று ஒரு வரி. 'மாமா' என்று சொல்லிச் சற்று நிறுத்தி, 'தம்பி கடைக்குப் போனார்' என்று வாசித்தால் போனவர் மாமா, கடை தம்பியுடையது. 'மாமா தம்பி' என்று சேர்த்து வாசித்து நிறுத்தினால் போனவரே வேறு ஆள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று படிக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

பாயும் பாயும்

நம் தமிழுக்கென்று தனிச் சிரமங்கள் இருக்கின்றன. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்து. 26 எழுத்தை வைத்துக்கொண்டு தொடங்கும் ஆங்கிலப் பிள்ளையைவிட நம் பிள்ளைக்கு அடையாளம் காண வேண்டியவை அதிகம். ஒரே 'க' ஓரிடத்தில் வன்மையாக ஒலிக்கும், இன்னோரிடத்தில் மென்மையாக ஒலிக்கும். 'பாய் கடையில் பாய் வாங்கினார்' என்று எழுதிப் பாருங்கள். முதல் பாய் யார், இரண்டாவது பாய் எது என்று உங்களுக்கு உடனே தெரிகிறது. நாக்கும் அதற்கேற்பத் திரும்புகிறது. எழுத்து அதைச் சொல்லவில்லை. வரி முழுவதையும் ஒரே பார்வையில் பிடித்ததால்தான் தெரிந்தது. எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் பிள்ளைகளின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஜா, ஷாஹுல், ஜெஸிமா. இந்த ஹ, ஷ, ஜ, ஸ எல்லாம் 247க்கு வெளியே உள்ள எழுத்துகள். தன் பெயரைத் தானே வாசிக்க நம் பிள்ளை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கற்க வேண்டியிருக்கிறது. இதை ஆசிரியர்கள் கொஞ்சம் மனத்தில் வைக்க வேண்டும். வீட்டில் அத்தா, வாப்பா, உம்மா என்று பேசுகிற பிள்ளை பாடநூலில் வேறு சொற்களைப் பார்க்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கு இன்னும் கடினம். அந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கும் முன்னால் அந்தப் பாடத்தில் உள்ள சொற்களைப் பேச்சில் புழங்கவிட வேண்டும். காதில் விழாத சொல்லை வாசிப்பில் சரளமாக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல்லைப் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு வைத்தது நல்லது. ஆனால் சொல்லுக்குச் சொல் அளவு ஒன்றா? 'எடுத்துக்கொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரு சொல். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் மூன்று சின்னச் சொற்கள். எனவே 52 சொல் வாசித்த தமிழ்ப் பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே பிள்ளையின் சென்ற மாதக் கணக்கையும் இந்த மாதக் கணக்கையும் ஒப்பிடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

நாற்பது பிள்ளை, நாற்பது நிமிடம்

வகுப்பறையில் என்ன நடக்கிறது? இரண்டு பழக்கங்கள் வேரூன்றிக் கிடக்கின்றன. ஒன்று, ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பே சேர்ந்து கத்துவது. தெருவில் போகிறவருக்குப் பள்ளிக்கூடம் பிரமாதமாக நடப்பது போலத் தோன்றும். அந்தச் சத்தத்துக்குள் பத்துப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது, வரிசையாக ஆளுக்கொரு வரி படிக்க வைப்பது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். தன் முறைக்கு எந்த வரி வரும் என்று முன்கூட்டியே எண்ணி, அந்த ஒரு வரியை மட்டும் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்வார்கள். மற்ற வரிகள் அவர்கள் காதில் விழுவதே இல்லை. நானும் அப்படித் தப்பித்தவன்தான், மறைப்பானேன்!

கணக்குப் போடுங்கள். நாற்பது பிள்ளை, நாற்பது நிமிட வகுப்பு. ஆளுக்கு ஒரு நிமிடம். வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், எமிஸ் பதிவு எல்லாம் போக ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சில நொடிகள். நாளுக்குச் சில நொடி ஓட்டி யாராவது சைக்கிள் பழகியிருக்கிறார்களா? நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் டீச்சர் ஒருவர் தொடக்கத்திலேயே என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், தனித்தனியாக் கேட்கணும்னு எனக்கும் ஆசைதான். மற்ற முப்பத்தொன்பது பேரை யாரு பார்த்துக்குவா?" நியாயமான கேள்வி.

தமிழ்நாடு அரசு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்தார்கள். ஒரே வகுப்பில் இருந்தாலும் எல்லாரும் ஒரே இடத்தில் இல்லை என்று அரசே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அதன்மேல் நாம் கட்ட வேண்டியது, அந்தந்த நிலைப் பிள்ளை தினமும் வாய்விட்டு வாசிப்பதை ஒரு மனிதர் கேட்பது. அட்டைகளும் படங்களும் ஆயிரம் இருக்கலாம். கேட்கிற காது இல்லாவிட்டால் சரளம் வராது என்பது என் கருத்து.

மதரஸாவில் நடப்பது

திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் வழி. இதை 1979ல் அதே சாமுவேல்ஸ் ஒரு முறையாகவே எழுதினார். 50 முதல் 200 சொல் வரை உள்ள ஒரு சிறு பகுதியைப் பிள்ளை நல்ல வேகம் வரும்வரை பல தடவை வாசிக்கும். பிறகு அடுத்த பகுதி. அவர் கண்ட வேடிக்கை என்னவென்றால், அடுத்த பகுதியை முதல் தடவை வாசிக்கும்போதே பிள்ளையின் வேகம் கூடியிருந்தது. தேவைப்பட்ட தடவைகளும் குறைந்துகொண்டே வந்தன. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, ஒருவர் அருகிலிருந்து திருத்த, வாய்விட்டுத் திரும்ப வாசிப்பது பலன் தருகிறது என்றது. 'புத்தகத்தைக் கொடுத்து மனத்துக்குள் படி என்று விட்டுவிட்டால் சரளம் வளரும்' என்பதற்குப் போதிய ஆதாரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இது நமக்குப் புதிதா? ஹிப்ளு மதரஸாவில் பிள்ளை காலையில் என்ன செய்கிறது? புதுப் பாடம், நேற்றைய பாடம், பழைய பாடம் என்று மூன்றையும் உஸ்தாதிடம் தனித்தனியாக ஒப்பிக்கிறது. உஸ்தாத் ஓதிக் காட்டுகிறார், பிள்ளை திரும்ப ஓதுகிறது, பிழையை அங்கேயே திருத்துகிறார். ஓதுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார். நம் மக்தபுகளிலும் அலிஃபுக்கு ஸபர் அ என்று கூட்டத் தொடங்கி, சேர்த்து ஓதும்வரை விடமாட்டார்கள்.

ஆனால் இதில் ஒரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் நான் தங்குதடையில்லாமல் ஓதினேன். வீட்டில் இனிப்புக் கொடுத்தார்கள். ஒரு வரிக்கும் எனக்குப் பொருள் தெரியாது. மதரஸாவில் சேர்ந்து அரபி இலக்கணம் படித்த பிறகுதான் பொருள் திறந்தது. ஆக, ஓட்டம் மட்டும் இருந்து பொருள் இல்லாமலும் போகலாம். தமிழில் நம் பிள்ளையின் நிலை நேர்மாறானது. பொருள் ஏற்கனவே காதில் இருக்கிறது. கண் பின்தங்கி நிற்கிறது. நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவர்கள். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்க் கிதாபுகளைத் தடையின்றி வாசித்தார்கள். எழுத்து மக்தபில் கிடைத்தது, மொழி தாய்மடியில் கிடைத்தது, ஒரே கிதாபை வருடா வருடம் வாசித்ததில் சரளம் வந்தது.

மதரஸா முறையிலிருந்து பிரம்பை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்! அடிக்குப் பயந்த பிள்ளை வாசிக்காது, மனப்பாடம் செய்யும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் விட வேண்டிய பழக்கம் அது.

என் வீட்டில் நடந்தது

ஊருக்கு உபதேசம் செய்கிறேனே, என் வீட்டுக் கதையையும் கேளுங்கள். என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, வந்த விருந்தினர் முன்னால் தமிழ்ப் பாடத்தைக் கணீரென்று படித்துக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கம் முடிந்துவிட்டது, பிள்ளை படித்துக்கொண்டே இருக்கிறாள். பக்கத்தைத் திருப்பாமலேயே அடுத்த பக்கத்தைப் படிக்கிறாள்! விரல் ஒரு வரியில், வாய் வேறு வரியில். விருந்தினர் போன பிறகு பிஸ்கட் பாக்கெட்டில் இருந்த இரண்டு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். அழுதுவிட்டாள். பள்ளியில் போய்க் கேட்டபோது, "நல்லா சத்தமாப் படிக்கிற பிள்ளையாச்சே" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சத்தத்தைத்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தேன். வெளியூர்க் கூட்டங்கள் இருந்த நாளில் அவளுடைய தாயார் உட்கார்ந்தார். முதல் நாள் புதிய பத்தி ஒன்றில் நிமிடத்துக்கு 19 சொல். இரண்டு மாதத்தில் 45ஐத் தாண்டினாள். நடுவில் ஒரு வாரம் ஏறவே இல்லை. நான் பொறுமை இழந்து கத்திய வாரமும் அதுதான்.

என்ன செய்வது?

வீட்டில் செய்கிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். 60 முதல் 100 சொல் உள்ள பகுதியாக எடுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்குமேல் தெரியாத சொல் இருந்தால் அந்தப் பகுதி வேண்டாம், எளிதானதைத் தேடுங்கள். முதலில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பேசுகிற மாதிரி, நிறுத்தம் தெரிய. பிள்ளையின் விரல் வரிக்குக் கீழே நகரட்டும். பிறகு இருவரும் சேர்ந்து வாசியுங்கள். அப்புறம் பிள்ளை தனியாக. தடுக்கினால் உடனே பாயாதீர்கள். மூன்று நொடி பொறுங்கள். வரவில்லையென்றால் சொல்லைக் கொடுத்துவிட்டு அந்த வரியை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: யார் என்ன செய்தார்கள்? ஏன் செய்தார்கள்? மறுநாளும் அதே பகுதி, அதற்கு மறுநாளும் அதுவே. முதல் நாளும் மூன்றாம் நாளும் மட்டும் கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள். ஓட்டப் பந்தயம் ஆக்கிவிடாதீர்கள். வேகத்துக்குப் பரிசு கொடுத்தால் பிள்ளை சொற்களை விழுங்கக் கற்றுக்கொள்ளும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு: அந்த டீச்சர் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. பிள்ளைகளை இரண்டிரண்டாக உட்கார வையுங்கள். சற்று நன்றாக வாசிக்கும் பிள்ளை முதலில் வாசிக்கட்டும், அதே பத்தியை அடுத்த பிள்ளை வாசிக்கட்டும். ஒரே நேரத்தில் இருபது பேர் வாசிப்பார்கள். சத்தமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் ஐந்து பிள்ளைகளிடம் மட்டும் இரண்டிரண்டு நிமிடம் குனிந்து கேளுங்கள். எட்டு நாளில் நாற்பது பேரையும் கேட்டுவிடலாம். சேர்ந்து வாசிப்பதை நிறுத்த வேண்டாம். பத்தியை அறிமுகம் செய்ய அது நல்லது. அதை வைத்து மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். உரையாடல் உள்ள கதையென்றால் ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து நடிக்கவிடுங்கள். வகுப்பு முன்னால் நடிப்பதற்காக ஒரே வசனத்தைப் பத்துத் தடவை சலிக்காமல் வாசிப்பார்கள்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரே, காலம் போய்விட்டது என்று கைவிடாதீர்கள். அந்த மளிகைக் கடைப் பையனுக்கும் இதே முறைதான். அவனுக்குப் பாடநூல் வைக்கவில்லை. கிரிக்கெட் செய்தியும் கடைச் சீட்டும் வைத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தந்தை மட்டும் கேட்டார்.

இளைஞர்களே! நம்மிடம் கட்டடத்துக்குப் பணம் திரட்டும் பழக்கம் இருக்கிறது. இதற்குப் பணம் தேவையில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒருவர் மூன்று பிள்ளைகளிடம் ஆளுக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். பன்னிரண்டு இளைஞர்கள் என்றால் முப்பத்தாறு பிள்ளைகள். ஒரு வகுப்பறையே ஆயிற்று. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி படிக்கும் சகோதரிகள் முன்வர வேண்டும். எந்தச் சமுதாயத்துப் பிள்ளை வந்தாலும் உட்கார வையுங்கள். தெருவில் ஒன்றாக விளையாடுகிற பிள்ளைகள்தானே! கடைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு சிறுவர் கதைப் புத்தகம் வாங்கித் தாருங்கள். படம் பெரிதாகவும் வரி சிறிதாகவும் இருக்கட்டும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். ஞாயிறு மாலை பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்டு நிலையைக் குறித்துக்கொள்வோம். பெற்றோர்கள் பிள்ளையோடு தமிழ்ப் பாடநூலையும் கொண்டு வாருங்கள். இதுவரை நடத்தாத பாடமாகப் பார்த்து அடையாளம் வைத்துக் கொண்டு வாருங்கள். மனப்பாடமான பாடம் வேண்டாம்.